பசியாறிட்டீங்களா?

காலை ஏழரை மணி வாக்கில் எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவில் இரண்டு தட்டு விழும். நான் தாழ்ப்பாளை நீக்குவதற்கு முன்பே குரல் வந்துவிடும். "டீச்சர், பசியாறிட்டீங்களா?"

நாகூரில் காலையில் சாப்பிடுவதற்குப் பசியாறுவது என்றுதான் பெயர். 'டிபன் ஆச்சா' என்று கேட்பவர் வெளியூரிலிருந்து வந்தவர் என்று உடனே தெரிந்துவிடும். நானும் அப்படி வந்தவள்தான். கீழ்வேளூர் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்து, தமிழாசிரியை வேலைக்காக 1988இல் இங்கே வந்து, தர்காவின் அலங்கார வாசலிலிருந்து நடக்கிற தூரத்தில் வாடகைக்கு வீடு பிடித்து, அப்படியே தங்கிப்போனேன். கதவைத் தட்டுகிறவர் அடுத்த வீட்டு லாத்தா. லாத்தா என்றால் அக்கா. அவருடைய வீட்டுக்காரர் சபராளி. ஆயுளில் பாதியைச் சிங்கப்பூரில் கழித்துவிட்டு வந்தவர். நாகூர்ப் பெண்களுக்குத் தனியாக வீடு காப்பது எப்படி என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

2019 ஐப்பசியில் என் கணவர் இறந்தார். காரியம் முடியும்வரை வீடு கொள்ளாத கூட்டம். அதற்குப் பிறகு ஒருவரும் இல்லை. மகன் பெங்களூருக்குத் திரும்பினான். அவனுக்கும் வேலை இருக்கிறது. எனக்குக் காலையில் எழுந்திருக்கக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை. பல் துலக்காமல் பதினொரு மணி வரை படுத்துக் கிடந்த நாள்கள் உண்டு. ஒற்றை ஆளுக்காக எப்படி உலை வைப்பது என்று அரிசிப் பானையைத் திறந்து பார்த்துவிட்டு மூடியிருக்கிறேன்.

அந்த நாள்களில்தான் லாத்தா கொல்லைக் கதவைத் தட்டத் தொடங்கினார். அவர் ஆறுதல் சொல்லவில்லை. எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்லவில்லை. பசியாறிட்டீங்களா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றால் ஒரு கிண்ணத்தில் இடியாப்பமோ, முந்தின நாள் ஆணத்தோடு இரண்டு ரொட்டியோ வரும். அடுத்த நாளும் கேட்டார். அதற்கடுத்த நாளும் கேட்டார். எட்டுப் பத்து நாள் போனதும், தினம் தினம் 'இல்லை' என்று சொல்ல எனக்கே கூச்சமாகிவிட்டது. அவர் வருவதற்குள் இரண்டு இட்லியாவது வார்த்துவிட வேண்டும் என்று ஏழு மணிக்கு அடுப்பைப் பற்றவைத்தேன். ஏழு மணிக்கு அடுப்பு எரிய வேண்டுமென்றால் ஆறரைக்கு எழுந்தாக வேண்டும். எழுந்துவிட்டால் வாசல் தெளிக்காமல் இருக்க முடியாது. வாசலுக்கு வந்தால் போகிற வருகிறவர்கள் நின்று இரண்டு வார்த்தை பேசாமல் போக மாட்டார்கள். என் நாள் இப்படித்தான் என்னிடம் திரும்பி வந்தது.

நல்வாழ்வுக்கான சின்னச் சின்னப் பழக்கங்கள் பற்றி இன்று எங்கு திரும்பினாலும் அறிவுரை கிடைக்கிறது. ஐந்து மணிக்கு எழுங்கள், மூச்சைக் கவனியுங்கள், நன்றி சொல்ல மூன்று விஷயங்களை எழுதுங்கள், பத்தாயிரம் அடி நடங்கள். இவற்றில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் எல்லாமே தனியாக ஓர் அறையில் உட்கார்ந்திருக்கும், மன உறுதி நிறைந்த ஒருவரிடம் பேசுகின்றன. மன உறுதி இருக்கிறவருக்கு இந்த அறிவுரையே அவ்வளவாகத் தேவைப்படாது. அது போய்விட்டவர் என்ன செய்வார்? முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த ஊரில் வாழ்ந்து நான் கண்டது இது: நம்மைத் தாங்கி நிற்கிற சின்னப் பழக்கங்களுக்கெல்லாம் ஒரு நேரம் இருக்கிறது, ஓர் இடம் இருக்கிறது, மறுமுனையில் ஓர் ஆள் இருக்கிறார். இந்த மூன்றையும் காப்பாற்றாமல் தனி மனிதரிடம் போய் 'நல்ல பழக்கம் பழகு' என்று சொல்வது, வாய்க்காலை அடைத்துவிட்டு வயலைப் பச்சையாக இருக்கச் சொல்வது போலத்தான்.

முதலில் நேரத்தை எடுத்துக்கொள்கிறேன். நாகூரில் நேரம் பாங்கில் இருக்கிறது. சுபுஹு, லுஹர், அஸர், மஃரிப், இஷா என்று ஐந்து வேளையும் பள்ளிவாசலிலிருந்து எழும் அழைப்பு தொழுகிறவர்களோடு நின்றுவிடுவதில்லை. பால்காரர் சுபுஹு பாங்கு கேட்டுத்தான் சைக்கிளை எடுப்பார். "இந்த மாத்திரை லுஹருக்கு முந்தி, இது மஃரிபுக்குப் பொறவு" என்று மருந்துக்கடைக்காரர் எனக்கே எடுத்துக் கொடுத்திருக்கிறார். நான் தண்ணீர் மோட்டார் போடுவது அஸர் பாங்குக்கு. யாரும் இதை எனக்குப் பழக்கிவிடவில்லை. காதில் விழுந்து விழுந்து ஒட்டிக்கொண்டது.

பழக்கம் படிய எத்தனை நாள் ஆகும் என்பதற்கு 21 என்று ஒரு கணக்கு ஊரெங்கும் உலவுகிறது. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க முகச் சீரமைப்பு மருத்துவர், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் தங்கள் புது முகத்துக்குப் பழக ஏறக்குறைய 21 நாள் ஆகிறது என்று 1960இல் வெளிவந்த தன் புத்தகத்தில் எழுதினார். அதிலிருந்து கிளம்பியது இது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் அவருடைய குழுவும் 96 பேரை 12 வாரம் பின்தொடர்ந்து உண்மையிலேயே கணக்கெடுத்தார்கள். அது 2010இல் அச்சில் வந்தது. காலை உணவுக்குப் பிறகு ஒன்று, மதியச் சாப்பாட்டோடு ஒன்று என்று, ஏற்கெனவே நடக்கிற ஒரு காரியத்தோடு புதுக் காரியத்தை முடிச்சுப் போடச் சொன்னார்கள். நினைக்காமலே கை தானாகச் செய்கிற நிலைக்கு வர ஒருவருக்கு 18 நாள், இன்னொருவருக்கு 254 நாள் என்று கணக்கு வந்தது. நடுவில் நிற்கும் எண் 66. அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. இடையில் ஒரு நாள் விட்டுப்போனாலும் பழக்கம் படிவதற்குப் பெரிய பாதகம் வரவில்லை. ஒரு நாள் தவறியதும் 'இனி எங்கே' என்று கைவிடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாகூருக்கு நாள் கணக்கு புதிதில்லை. கடற்கரையில் இருக்கிற சில்லடியின் பெயரே சில்லா என்ற சொல்லிலிருந்து வந்தது. பாரசீகத்தில் நாற்பதைக் குறிக்கும் சொல்லை ஒட்டிப் பிறந்தது அது. நாற்பது நாள் தனித்திருந்து வணங்குவதைச் சொல்வது. 16ஆம் நூற்றாண்டில் இங்கே வந்த சாகுல் ஹமீது ஆண்டகை அங்கே அப்படி இருந்தார்கள் என்பது ஊரின் நம்பிக்கை. நம் சித்த வைத்தியர்கள் ஒரு மண்டலம் என்பார்கள், 48 நாள். நாற்பதோ நாற்பத்தெட்டோ அறுபத்தாறோ, எல்லாமே ஒன்றைத்தான் ஒப்புக்கொள்கின்றன. உடலும் மனமும் அவசரப்படுத்தினால் கேட்பதில்லை.

நேரத்தோடு சேர்ந்து இடம். இதைச் சொல்ல என் அப்பாவிடம் போக வேண்டும்.

காவிரிப் பாசனத்தில் வளர்ந்த எல்லா வீட்டிலும் இந்தக் காட்சி இருக்கும். விடிந்ததும் மண்வெட்டியைத் தோளில் சாத்திக்கொண்டு வயலுக்குக் கிளம்புவது. "தண்ணி பாத்துட்டு வரேன்" என்பது அதற்குப் பெயர். மடை திறக்கவோ அடைக்கவோ பத்து நிமிஷம் போதும். போய்வர ஒன்றரை மணி நேரம் ஆகும். வரப்பைச் சுற்றி, நண்டு வளையை மிதித்து அடைத்து, பக்கத்து வயல்காரரோடு மதகுக் கட்டையில் உட்கார்ந்து பேசி, ஒரு வேப்பங்குச்சியை ஒடித்துக்கொண்டு திரும்புவார். அதை உடற்பயிற்சி என்று அவர் ஒரு நாளும் நினைத்ததில்லை.

மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறப்பது வழக்கம். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்தத் தேதியில் திறக்கவில்லை. குறுவை போயிற்று, அதன் பின்னால் சம்பாவும் தடுமாறியது. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசே அறிவித்தது. அந்தப் பொங்கலுக்கு நான் ஊருக்குப் போயிருந்தேன். வாய்க்காலில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. எண்பத்து நான்கு வயது அப்பா வழக்கம்போல விடியற்காலையில் மண்வெட்டியை எடுத்தார்.

"எங்கப்பா கெளம்பிட்ட?"

"தண்ணி பாத்துட்டு வரேன்."

"தண்ணி எங்க இருக்கு?"

"இல்லேன்னு பாத்துட்டு வரேன்மா."

நான் கூடவே போனேன். மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அவர் ஒரு வெடிப்புக்குள் கால் கட்டை விரலை விட்டு ஆழம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மதகுக் கட்டையில் இன்னும் இரண்டு பெரியவர்கள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேரும் அரை மணி நேரம் பேசினார்கள். அதிகம் பேசியது யார் வீட்டுப் பேரன் எங்கே வேலைக்குப் போனான் என்பது பற்றித்தான். அந்த ஆண்டு டெல்டாவில் எத்தனையோ குடும்பங்களில் இழவு விழுந்தது. அப்பாவை அந்த மதகுக் கட்டையும் அந்த இரண்டு பேரும் பிடித்து வைத்திருந்தார்கள் என்று இன்றும் நம்புகிறேன். வயலில் வேலை இருக்கிற நாளில் போவது உழைப்பு. வேலை இல்லாத நாளிலும் போனாரே, அதைத்தான் நான் பழக்கம் என்கிறேன்.

மனச்சோர்வுக்குச் சிகிச்சை அளிக்கிறவர்கள் பின்பற்றும் ஒரு முறைக்கும் அப்பாவின் நடைக்கும் நெருங்கிய உறவு உண்டு. மனம் தெளிந்த பிறகு வேலை செய்யலாம் என்று காத்திருக்காமல், முன்பு பிடித்திருந்த சின்னக் காரியங்களை நேரம் குறித்துச் செய்யவைப்பார்கள். கை கால் முன்னே போனால் மனம் பின்னால் வரும் என்பது அதன் கணக்கு. கோவாவில் 'சங்கத்' என்ற அமைப்பு இதை ஆரம்ப சுகாதார நிலையங்களில் செய்து பார்த்தது. மருத்துவர் அல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கடுமையான மனச்சோர்வு கண்டவர்களோடு ஆறிலிருந்து எட்டுத் தடவை உட்கார்ந்து பேசவைத்தார்கள். அப்படிப் பேசப்பட்டவர்கள், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். விக்ரம் படேலும் உடன் ஆய்வாளர்களும் இதை 2017இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். படித்தபோது எனக்கு லாத்தா நினைவுதான் வந்தது.

மூன்றாவது, ஆள். நெருங்கிய சொந்தமும் உயிர்த் தோழியும் இருந்தால்தான் ஆள் இருப்பதாக நாம் நினைக்கிறோம். அரைகுறைப் பழக்கமுள்ள முகங்கள்கூட மனசுக்குத் தெம்பு தருகின்றன. கனடாவின் வான்கூவர் நகரில் ஜிலியன் சாண்ட்ஸ்டிராம், எலிசபெத் டன் என்ற இரண்டு உளவியலாளர்கள் காபிக் கடைக்கு வந்தவர்களில் ஒரு பாதியினரிடம், காசைக் கொடுத்துக் காபியை வாங்கிக்கொண்டு சட்டென்று போகும்படியும், மறு பாதியினரிடம் கடைக்காரர் முகத்தைப் பார்த்துச் சிரித்து இரண்டு வார்த்தை பேசும்படியும் சொன்னார்கள். பேசியவர்கள் கூடுதல் மகிழ்ச்சியோடு வெளியே வந்தார்கள். 2014இல் வெளியான ஆய்வு இது. அலங்கார வாசல் கடைத்தெருவில் பத்து நிமிஷம் நின்று பார்த்தால் இது விளங்கிவிடும். தம்ரூட் வாங்க வந்தவர் கால் கிலோ தம்ரூட்டுக்குக் கால் மணி நேரம் பேசுவார். "நல்லா ஈக்கீங்களா?" "அல்ஹம்துலில்லாஹ், நீங்க?" என்று தொடங்கி வீட்டில் உள்ள அத்தனை பேரையும் பெயர் சொல்லி விசாரித்த பிறகுதான் விலைக்கு வருவார்கள்.

இப்படி என் வாசலுக்கு வருகிற ஒரு முகம் பட்டினச்சேரியிலிருந்து கூடை சுமந்து வரும் மீன்கார அம்மா. நான் மீன் சாப்பிடுவதை விட்டுப் பல வருஷம் ஆகிறது. அது அவருக்கும் தெரியும். ஆனாலும் என் வாசல்படியில் கூடையை இறக்கி, சும்மாட்டுத் துணியை உதறி மறுபடி சுருட்டிவைத்துவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீர் கேட்பார். பாதியைக் குடிப்பார், மீதியில் முகம் கழுவிக்கொள்வார். "கத்தரி வெயிலு முடிஞ்சிருச்சுல்ல டீச்சர்" என்பது மாதிரி ஏதாவது ஒன்று. மூன்று நிமிஷம் இருக்கும்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை கடல் ஊருக்குள் வந்தபோது அவருடைய ஆறு வயது மகன் போய்விட்டான். அன்று நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தமிழ்நாட்டில் இறந்தவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் இந்த ஒரு மாவட்டத்தார். தர்காவுக்குச் சொந்தமான இடத்தில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று பாராமல் உடல்கள் அடக்கமாயின. அதற்குப் பிறகு மாதக்கணக்கில் தகரக் கொட்டகை வாழ்க்கை. பெங்களூரு நிம்ஹான்ஸிலிருந்து மனநல மருத்துவர்கள் வந்து, மக்களோடு உட்கார்ந்து பேச உள்ளூர்த் தன்னார்வலர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பேரிடர்க்குப் பிறகான மனநலப் பணிக்கென்று உலக அளவில் 2007இல் வந்த வழிகாட்டி நெறிகள், பள்ளிக்கூடம், வழிபாடு, அன்றாட வேலை ஆகியவற்றைச் சீக்கிரம் திரும்பக் கொண்டுவருவதை முக்கியமாகச் சொல்கின்றன. அந்த அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. பல வருஷம் கழித்து ஒரு நாள் அவராகவே சொன்னார்.

"நாலு மாசம் கழிச்சுக் கூடையத் தூக்கிட்டுக் கெளம்புனேன் டீச்சர். மீன் வாங்க ஒரு ஆளு கெடையாது. பொணம் தின்ன மீனுன்னு எல்லாருக்கும் அருவருப்பு. எனக்கே இருந்துச்சு. ஆனா கொட்டாயில ஒக்காந்திருந்தா புள்ள சத்தமே கேட்டுக்கிட்டு இருக்கும். அதான் வெறுங்கூடைய மாதிரி அதத் தூக்கிக்கிட்டுத் தெருத்தெருவாப் போனேன். ஒருத்தரும் வாங்கல. ஆனா எல்லா வீட்டுலயும் தண்ணி குடுத்தாங்க."

கொடுத்த வீடுகளில் என் வீடும் ஒன்று என்றார். எனக்கு அந்த நாளே நினைவில்லை. ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தது எனக்கு எப்படி நினைவிருக்கும்? அவருக்கு இருக்கிறது.

இதைச் சொல்லிவிட்டு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2023 மார்ச்சில் அதே பட்டினச்சேரிக் கரையில் கச்சா எண்ணெய்க் குழாயில் கசிவு ஏற்பட்டுக் கடல் கறுத்தபோது, மீனவர்கள் தொழிலுக்குப் போகாமல் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அவர்களிடம் போய் மூச்சுப் பயிற்சி செய்யுங்கள், நல்லதையே நினையுங்கள் என்று சொல்லியிருந்தால் அது பாவம். கடல் சுத்தமாக இருக்க வேண்டும், வாய்க்காலில் தண்ணீர் வர வேண்டும், சம்பளம் கைக்கு வர வேண்டும். இவை இல்லாத இடத்தில் பழக்கம் ஒரு மனிதரை விழாமல் தாங்கும், வாழவைத்துவிடாது. நேர்மறைச் சிந்தனை என்ற பெயரில் துக்கத்தையும் கோபத்தையும் அடக்கச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. என் கணவர் இறந்த மூன்றாம் மாதம் ஒரு உறவுக்காரர், "அழாதீங்க, நல்லதையே நெனைங்க" என்றார். அன்று இரவு நான் முன்னைவிட அதிகம் அழுதேன்.

நோய் என்பது வேறு. தூக்கம், பசி, நினைப்பு எல்லாம் வாரக்கணக்கில் தடம் புரண்டுபோனால், வாழ வேண்டாம் என்று தோன்றினால், அதற்கு மருத்துவர் வேண்டும். கொல்லைக் கதவின் தட்டு மட்டும் போதாது. தர்காக்களுக்கும் கோயில்களுக்கும் மனநோய் கண்டவர்களை அழைத்துவந்து தங்கவைக்கும் குடும்பங்கள் காலங்காலமாக உண்டு. அவர்களுடைய நம்பிக்கையை மதிக்கிறேன். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகியதையும் மறக்கவில்லை. மனநோயாளிகளைச் சங்கிலியில் பிணைப்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்துவிட்டது. குஜராத்தின் உனாவா தர்காவிலும் பின்னர் ஏர்வாடியிலும் மருந்தும் துஆவும் ஒரே வளாகத்தில் கிடைக்க வழி செய்தார்கள்; நம்பிக்கையோடு வருகிறவரை விரட்டாமல் மருத்துவரையும் பார்க்கவைக்கும் அந்த ஏற்பாடு, மக்கள் தங்கிப் பிரார்த்திக்கிற எல்லா ஊருக்கும் வர வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' எண் 14416. தமிழிலேயே பேசலாம். இந்த எண்ணை ரேஷன் கடைப் பலகையிலும் பள்ளிக்கூடச் சுவரிலும் எழுதிவைக்க என்ன செலவாகப்போகிறது?

பழக்கத்துக்கு இடம் வேண்டும் என்றேன். நாகூர்ப் பெண்களுக்கு அந்த இடம் எங்கே? ஆண்களுக்கு டீக்கடை இருக்கிறது, பள்ளிவாசல் இருக்கிறது, சில்லடிக் கடற்கரை இருக்கிறது. பெண்களுக்கு அஸருக்கும் மஃரிபுக்கும் நடுவே ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கிற அந்த ஒரு மணி நேரம் இருந்தது. தொலைக்காட்சித் தொடர் அதில் பாதியைத் தின்றது. கைப்பேசி மீதியைத் தின்றுகொண்டிருக்கிறது. இந்த ஊர்ப் பெண்களின் உள்வாழ்க்கை எவ்வளவு ஆழமானது என்பதற்கு சித்தி ஜுனைதா பேகம் சாட்சி. பள்ளிப்படிப்பு சின்ன வயதிலேயே நின்றுபோன நாகூர்ப் பெண் அவர். வீட்டுக்குள் இருந்தே படித்து, எழுதி, 1938இல் 'காதலா கடமையா' நாவலை வெளியிட்டார். அதற்கு மதிப்புரை தந்தவர் உ.வே.சாமிநாதையர். அந்த வீட்டுக்குள் அவருக்குப் புத்தகம் கிடைத்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

மருத்துவர் நடக்கச் சொல்லாத ஐம்பது வயதுப் பெண் எங்கள் தெருவில் இல்லை. எல்லோருக்கும் சர்க்கரை, இரத்த அழுத்தம், முழங்கால் வலி. பத்தாயிரம் அடி என்று கேட்டதும் மலைத்துப்போகிறார்கள். அந்தப் பத்தாயிரம், 1960களில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்தது. மருத்துவம் குறித்த எண் இல்லை. அமெரிக்காவில் சராசரி 72 வயதுள்ள 16,741 பெண்களைப் பின்தொடர்ந்து, 2019இல் வெளியான ஓர் ஆய்வு, நாளுக்கு ஏறக்குறைய 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு விகிதம் கணிசமாகக் குறைந்திருந்ததைக் கண்டது. 7,500க்கு மேல் போனால் கூடுதல் பலன் தெரியவில்லை. நடையால் மட்டுமே அப்படி ஆயிற்று என்று அந்த ஆய்வு சாதிக்கவில்லை. ஆனாலும் 4,400 என்பது எங்கள் லாத்தாவால் எட்டக்கூடிய எண்.

எட்டுவதற்குத் தெரு வேண்டும். தமிழக அரசு 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையைத் தொடங்கியது. நல்ல காரியம், வரவேற்கிறேன். ஆனால் நாகூரில் இருக்கும் அறுபத்தெட்டு வயதுப் பெண்மணிக்குத் தேவை வீட்டு வாசலிலிருந்து தொடங்குகிற எண்ணூறு மீட்டர். சாக்கடை மூடி உடையாமல் இருக்கட்டும். மஃரிபுக்குப் பிறகு விளக்கு எரியட்டும். இருநூறு மீட்டருக்கு ஒரு சிமென்ட் பெஞ்சு, பெண்கள் போகக்கூடிய ஒரு சுத்தமான கழிப்பறை. நாய்த் தொல்லைக்கு ஒரு வழி. நாகை நகராட்சியில்தான் நாகூரும் இருக்கிறது. வார்டு உறுப்பினர்கள் இதை நல்வாழ்வுத் திட்டம் என்றே நினைத்துச் செய்யலாம். சில்லடிக் கடற்கரையில் வாரத்தில் சில மாலை நேரங்களைப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் என்று வைத்து, இரண்டு பெண் காவலர்களை நிறுத்தினால், மணலில் கால் வைத்து வருஷக்கணக்கான பெண்கள் எத்தனை பேர் வருவார்கள் என்று பாருங்கள்.

'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் தொடங்கியது. மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் மாதம் ஒரு முறை எங்கள் தெருவுக்கு வருகிறார். இரத்த அழுத்தம் பார்க்கிறார், மாத்திரை கொடுக்கிறார், பதிவு செய்துகொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடுகிறார். ஓடத்தான் முடியும், அவருக்கு அவ்வளவு வீடுகள். அந்தப் பெண்ணுக்கு வீட்டுக்குப் பத்து நிமிஷம் கூடுதலாகக் கொடுத்து, அதற்குரிய ஊதியமும் கொடுத்து, கோவாவில் செய்தது போல உட்கார்ந்து பேசப் பயிற்சியும் கொடுத்தால், தனியாக இருக்கிற முதியவர்களுக்கு மாத்திரையோடு ஓர் ஆளும் கிடைப்பார். 'தூக்கம் வருதா, யாரோட பேசுனீங்க, பசியாறுனீங்களா' என்ற மூன்று கேள்விக்கும் அந்தப் பதிவேட்டில் ஒரு கட்டம் வேண்டும் என்று கேட்கிறேன்.

வீட்டுக்குள் செய்ய வேண்டியதும் உண்டு. லாத்தா வீட்டில் ஒரு கட்டுப்பாடு. இரவு எல்லார் கைப்பேசியும் குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஏறிவிட வேண்டும்; காலையில் பசியாறிய பிறகுதான் இறங்கும். சிங்கப்பூரிலிருந்து மகன் கூப்பிட்டால் மட்டும் விலக்கு. அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் பொழுது ஓடுகிறது. அவனும் அதே கேள்வியைத்தான் கேட்பான். "உம்மா, பசியாறிட்டியா?" கப்பலேறிப் போன நாகூர்க்காரர்களின் கூடவே ஆண்டகையின் பெயரும் போயிருக்கிறது, பினாங்கிலும் சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவிலும் நாகூர் தர்கா நினைவிடங்கள் நிற்கின்றன. மலேசியத் தமிழர்கள் மதம் பாராமல் இன்றும் காலையில் பசியாறுகிறார்கள்.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது கதவைத் தட்டுவதும் கூடாது என்றானது. தர்கா வாசல் அடைபட்டது. தானியம் போட வருகிறவர் இல்லாமல் 131 அடிப் பெரிய மினராவின் புறாக்கள் தெருத்தெருவாக இறங்கின. லாத்தா மொட்டைமாடியில் ஒரு கைப்பிடி நொய்யரிசி இறைப்பார். நான் என் மாடிக்கு ஏறுவேன். நடுவில் பத்தடி இடைவெளி. சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு அங்கிருந்தே சத்தமாகக் கேட்பார். நானும் சத்தமாகச் சொல்வேன். கீழே தெருவில் போகிற காவலர் ஒரு நாள் நிமிர்ந்து பார்த்து, "நானும் பசியாறிட்டேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்த ஆண்டு தை பிறந்ததும் லாத்தா மகனோடு மூன்று மாதம் இருந்துவிட்டு வரச் சிங்கப்பூர் போய்விட்டார். முதல் வாரம் ஏழரை மணிக்குக் கொல்லையில் நின்று நின்று பார்த்தேன். கதவு சும்மா இருந்தது. எதிர்வீட்டு மாடிக்குப் புதிதாக ஒரு குடித்தனம் வந்திருக்கிறது. கல்யாணமாகி நாலு மாதம். பெண்ணுக்கு ஊர் விருத்தாசலம் பக்கம். கணவன் காரைக்காலில் வேலை, ஏழு மணிக்கே கிளம்பிவிடுகிறான். அந்தப் பெண் பகலெல்லாம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

எட்டாம் நாள் காலை இரண்டு இட்லியைக் கூடுதலாக வார்த்தேன். படியேறிப் போய்க் கதவில் இரண்டு தட்டுத் தட்டினேன். திறக்க நேரமாயிற்று. கண் வீங்கியிருந்தது, தலை வாரியிருக்கவில்லை.

"பசியாறிட்டியாம்மா?"

அவளுக்குப் புரியவில்லை. "என்னங்க?" என்றாள். கிண்ணத்தைக் காட்டினேன்.

"இல்ல டீச்சர்," என்றாள். "இனிமேத்தான்."